உயிர் காக்கும் ஊசி யாருக்கு?

நோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோய் வருகிற வரையில் அது சரி. வந்த பிறகு பேதம் தொடங்கிவிடுகிறது. எந்த மருத்துவமனை, எத்தனை நாள் காத்திருப்பு, எந்த மருந்து என்று ஒவ்வொரு படியிலும் மடியில் உள்ள பணம்தான் வழி சொல்கிறது. புற்றுநோய்க்கு வந்திருக்கும் புதிய சிகிச்சையில் இந்தப் பேதம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விரிந்து கிடக்கிறது. அதைப் பற்றி இந்த இதழில் நம் மக்களோடு பேச விரும்புகிறோம்.

டாக்டர்கள் பேச வேண்டிய விஷயத்தில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மருந்தைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலை. கொடுப்பது டாக்டரின் வேலை. அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று தீர்மானிப்பது அரசியல். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்கள் அந்த அரசியலைப் பேசாவிட்டால், நமக்காக வேறு யாரும் பேசப் போவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். அதே ஆண்டில் அந்நோயால் மாண்டவர்கள் 9 இலட்சத்துக்கும் மேல். நம் நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்று. பெண்களிடையே மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் முதல் இரண்டு இடங்களில் இருக்கின்றன. இரவு ஷிப்டில் கண் சொக்காமல் இருக்கவும், பசியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடவும் தொழிலாளி வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையும் குட்காவும் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதற்கு தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பிவண்டியிலும் சாட்சி தேட வேண்டியதில்லை. ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

கேட் பாஸ் காட்டும் திருடன்

புற்றுநோய்க்கு நெடுங்காலமாக மூன்று சிகிச்சைகள் உண்டு: அறுவை, கதிர்வீச்சு, கீமோ என்று நாம் சொல்லும் மருந்துச் சிகிச்சை. நான்காவதாக வந்ததுதான் இம்யூனோதெரபி. உடம்பின் சொந்தக் காவல் படையைக் கொண்டே புற்றை எதிர்க்க வைக்கும் முறை அது.

நம் ரத்தத்தில் டி-செல்கள் என்ற காவலர்கள் உண்டு. அயலான் உள்ளே புகுந்தால் அடையாளம் கண்டு அழிப்பது அவர்கள் தொழில். புற்றுச் செல் பொல்லாதது. மில் வாசலில் கள்ள கேட் பாஸை நீட்டிக்கொண்டு உள்ளே நுழையும் திருடனைப் போல, 'நானும் இந்த வீட்டு ஆள்தான்' என்று காவலருக்கு ஒரு சைகை காட்டும். காவலர் கையை இறக்கிவிடுவார். புதிய மருந்து அந்தச் சைகையை மறைக்கிறது. காவலர் விழித்துக்கொள்கிறார். இந்தச் சைகைகளின் சூட்சுமத்தைக் கண்டறிந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவை, அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தன.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது எல்லாப் புற்றுக்கும், எல்லா நோயாளிக்கும் பலிக்கும் மந்திரம் அல்ல. சிலருக்கு அற்புதமாக வேலை செய்கிறது. முற்றிய நோயோடு வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். பலருக்குப் பலன் இல்லாமலும் போகிறது. விழித்துக்கொண்ட காவல் படை சில நேரம் சொந்த நுரையீரலையும் குடலையும் தாக்குவதும் உண்டு. ஆகவே பரிசோதித்து, இன்னாருக்குத் தகும் என்று கண்ட பிறகே கொடுக்க வேண்டிய மருந்து இது. 'இம்யூனிட்டி' என்ற சொல்லை டப்பாவில் அச்சடித்துப் பொடியும் லேகியமும் விற்பவர்களுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. நம் தாய்மார்கள் அந்த வலையில் விழக்கூடாது.

நூற்றுக்கு மூவர் கூட இல்லை

இந்த மருந்தின் விலை என்ன? முழு அளவில், முழு விலையில் வாங்கினால் ஒரு முறை ஏற்றும் ஊசிக்கே சில இலட்சம் ரூபாய் ஆகும். அதையும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு ஆண்டு வரையிலும் ஏற்ற வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒரு தொழிலாளி, சோறு தின்னாமல், வாடகை கொடுக்காமல் ஓராண்டு முழுதும் சேர்த்து வைத்தாலும் கையில் நிற்பது 1,80,000 ரூபாய். ஓர் ஊசிக்கே அது போதாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2022-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இந்தச் சிகிச்சையை உண்மையில் பெற்றவர்கள் நூற்றுக்கு மூவர் கூட இல்லை என்பது அதில் தெரியவந்தது. மற்ற தொண்ணூற்றேழு பேரில் பெரும்பாலோரைத் தடுத்தது மருந்தின் விலை.

மறுபக்கத்தையும் பாருங்கள். பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கீட்ரூடா என்ற பெயரில் விற்கும் மெர்க் நிறுவனத்துக்கு 2024-ஆம் ஆண்டில் அந்த ஒரே மருந்தின் உலக விற்பனை ஏறத்தாழ 2,950 கோடி டாலர். ரூபாயில் சொன்னால் இரண்டரை இலட்சம் கோடி. 2025-26-ஆம் ஆண்டுக்கு இந்திய மத்திய அரசு தன் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கிய தொகை ஒரு இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. 140 கோடி மக்களின் நலத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் போல இரண்டரை மடங்கு ஒரு மருந்தின் ஓராண்டு விற்பனை!

ஆராய்ச்சிக்குச் செலவாகிறது என்பார்கள். ஆகட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சியின் வேர்கள் பல்கலைக்கழகக் கூடங்களில், மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்தவை. நோபல் பரிசு பெற்ற இருவருமே பல்கலைக்கழக ஆசிரியர்கள். பொதுச் சொத்தில் முளைத்த மரத்தின் கனிக்கு வேலி கட்டி ஆளுக்கு ஒரு விலை சொல்வதை நியாயம் என்று நாம் ஏற்க முடியாது.

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். 2023-இல் பெம்ப்ரோலிசுமாப் மீதான சுங்க வரியை நீக்கினார்கள். 2024-இல் துர்வலுமாப் உட்பட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்குக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் 30-க்கும் மேற்பட்ட உயிர் காக்கும் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. அறவே நீக்கப்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் வரி என்பது விலையின் ஓரம்தான். 4 இலட்ச ரூபாய்ச் சரக்கில் நூற்றுக்குப் பத்தைத் தள்ளினால் மிச்சம் 3,60,000. தாராவியில் தோல் வேலை செய்பவருக்கும் மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் இந்த இரண்டு தொகையும் ஒன்றுதான். இரண்டுமே எட்டாதவை.

பரேல் காட்டிய வழி

விலை மலையாக நிற்கிறதே, என்ன செய்ய முடியும் என்று கைகட்டி நிற்பவர்களுக்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சயானில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பரேல். 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்கள் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: இவ்வளவு மருந்து உண்மையிலேயே தேவைதானா?

கேள்விக்கு ஆதாரம் இருந்தது. காவலரின் கண்ணில் படும் அந்தச் சைகையை மறைக்க மிகக் குறைந்த அளவு மருந்தே போதும் என்பதற்கான அறிகுறிகள் நிவோலுமாப்பின் தொடக்க ஆய்வுகளிலேயே தென்பட்டன. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். பரேல் மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தது மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம். ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் அங்கே 720, இங்கே 40. பதினெட்டில் ஒரு பங்கு! அதோடு விலை மலிவான மூன்று மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

வாய், தொண்டை, கழுத்துப் பகுதிகளில் புற்று முற்றிய 151 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். மாத்திரையோடு குறைந்த அளவு நிவோலுமாப்பும் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர். 2022-இல் அமெரிக்காவில் நடந்த புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் இந்த முடிவை அறிவித்தார்கள். உலகின் முன்னணி மருத்துவ ஏடும் அதை வெளியிட்டது.

முழு அளவு மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. எல்லாப் புற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி முழு அளவா, குறைந்த அளவா என்பதல்லவே! நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு இருந்த தேர்வு, குறைந்த அளவா, ஒன்றுமே இல்லையா என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பரேல் பதில் சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தான் விற்கும் சரக்கைக் குறைவாக வாங்கினால் போதும் என்று நிரூபிக்க எந்தக் கம்பெனியும் பணம் போடாது. ஆகவே இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுப் பணம்தான் வர வேண்டும். அரசாங்கம் போடும் ஒரு ரூபாய் பல ரூபாயாகத் திரும்பி வரும் இடம் இது.

பவாயில் பிறந்த சிகிச்சை

மும்பை இன்னொன்றையும் செய்து காட்டியிருக்கிறது. நோயாளியின் சொந்த டி-செல்களை வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, மறுபடி உடம்பில் ஏற்றும் கார்-டி சிகிச்சை, சிலவகை ரத்தப் புற்றுகளுக்குக் கடைசி நம்பிக்கை. வெளிநாட்டில் அதற்கு 3 கோடி, 4 கோடி ரூபாய் ஆகும். பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து அதை இங்கேயே உருவாக்கின. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். ஆய்வில் நூற்றுக்கு 73 நோயாளிகளிடம் புற்று பின்வாங்கியது என்று 2025-இல் மருத்துவ ஏட்டில் வந்தது.

விலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கே 30, 40 இலட்சம் ரூபாய்! 5 இலட்சம் ரூபாய்க் காப்பீட்டு அட்டையை நீட்டினால் ஆறிலோ எட்டிலோ ஒரு பங்குதான் தேறும். நம் நாட்டு அறிவு செய்து கொடுத்ததை நம் நாட்டு உழைப்பாளியிடம் கொண்டு சேர்க்கும் கடைசிப் பாலத்தை அரசாங்கம்தான் கட்ட வேண்டும்.

சட்டம் கையில் இருக்கிறது

மருந்தின் விலையைக் குறைக்க இந்தியாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்றது. அதனால்தான் இந்தியா உலகுக்கே மலிவு மருந்து கொடுக்கும் நாடாயிற்று. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் 2005-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதும் மக்களுக்காக ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். நியாயமான விலையில் மருந்து கிடைக்காவிட்டால், வேறு நிறுவனம் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் வழங்கலாம்.

2012 மார்ச்சில் அந்தக் கதவு ஒரு முறை திறந்தது. பேயர் நிறுவனம் ஒரு மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு விற்ற சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரையை, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் 8,800 ரூபாய்க்கு விற்க உரிமம் பெற்றது. வானம் இடிந்து விழவில்லை. நோயாளிகள் மருந்து தின்றார்கள். அதன் பிறகு அந்தக் கதவை மறுபடி திறக்க எந்த அரசும் முன்வரவில்லை. ஏன் என்று கேட்கிறோம்.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. நிவோலுமாப்பின் இந்தியக் காப்புரிமைக்கு ஆயுள் 2026 மே மாதம் வரைதான். அதற்கு ஒப்பான மருந்தை குஜராத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்க, வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜூலையில் தனி நீதிபதி விற்பனைக்குத் தடை போட்டார். 2026 ஜனவரியில் மேல் அமர்வு, பொது நலனைக் கருதி வழிவிட்டது. ஒரே மருந்தைப் பலர் தயாரித்தால் விலை இறங்கும் என்பது சந்தைக்குப் போகும் எந்தத் தாய்க்கும் தெரியும். இறங்கிய விலையை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளில் சேர்த்தால்தான் அது ஏழைக்குப் பயன்படும்.

அதற்கும் முன்மாதிரி உண்டு. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு, 40 மருந்துகளைச் சேர்ந்து பேரம் பேசி வாங்கியபோது நூற்றுக்கு 82 ரூபாய் மிச்சமாயிற்று. தனித்தனியே பேரம் பேசினால் ஏமாறுவோம், சேர்ந்து கேட்டால் பெறுவோம் என்ற தொழிற்சங்கப் பாடம் மருந்துக் கடைக்கும் பொருந்துகிறது!

உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், பரவிவிட்ட கருப்பைவாய்ப் புற்று, பெருங்குடல் புற்று, நுரையீரல் புற்று ஆகியவற்றின் சில வகைகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் இடம் பெற்றிருக்கிறது. அத்தியாவசியம் என்று உலகம் ஒப்புக்கொண்டதை ஆடம்பரப் பொருளாக இனியும் விற்கக் கூடாது.

அட்டை ஊரில், ஆள் இங்கே

இனி, நமக்கென்றே உள்ள தடையைப் பற்றிப் பேசுவோம். நம் குடும்பங்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை இருக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. ஆள் இருப்பதோ மும்பையில், புனேயில், சூரத்தில், பெங்களூரில், டில்லியில். நோய் வந்தால் இங்குள்ள மருத்துவமனையில் அந்த அட்டையைப் பார்த்து, 'இது உங்கள் மாநிலத்தில் செல்லும்' என்கிறார்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துக்குப் போனால், இந்த மாநில ரேஷன் அட்டையோ குடியிருப்புச் சான்றோ கேட்கிறார்கள். சாலில் உள்வாடகைக்கு இருப்பவர், காண்டிராக்டர் போட்ட தகரக் கொட்டகையில் இருப்பவர் எந்தச் சான்றைக் காட்டுவார்?

2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், எந்த மாநிலத்திலும் செல்லும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே அந்த வசதி. மாநில அரசு தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு எல்லை தாண்டியதும் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. ஊரில் இருந்தால் ஏழை, ஊரைவிட்டு வந்தால் யாருமில்லாதவன் என்றாகிறது நம் நிலை.

ரேஷன் அரிசியை நாட்டின் எந்த மூலையிலும் வாங்கலாம் என்று 2022-க்குள் எல்லா மாநிலங்களிலும் ஏற்பாடு செய்து முடித்தார்களே! அரிசி மூட்டை எல்லை தாண்டி வரும்போது, மருந்து ஊசி ஏன் வரக்கூடாது?

புற்றுநோய்க்கு நாள் தள்ளுவது ஆபத்து. சான்றுக்காகத் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் அலைந்து திரும்புவதற்குள் இரண்டாம் கட்டத்தில் இருந்த நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடும். வீட்டில் பெண்ணுக்கு நோய் என்றால் இன்னும் மோசம். 'பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்', 'தீபாவளி போகட்டும்' என்று அவளே தள்ளிப்போடுவாள். வீட்டாரும் விட்டுவிடுவார்கள்.

நாம் கேட்பது

அரசுகளிடம் நாம் பிச்சை கேட்கவில்லை. இந்த நகரங்களைக் கட்டியவர்கள், பெருக்கியவர்கள், இயக்குபவர்கள் என்ற உரிமையில் கேட்கிறோம்.

1. ஆய்வில் பயன் தெரிந்த நோய்களுக்குக் குறைந்த அளவு இம்யூனோதெரபியை ஆயுஷ்மான் பாரத், மாநிலக் காப்பீட்டுத் திட்டங்கள் அனைத்தின் சிகிச்சைப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். யாருக்கு இம்மருந்து பலிக்கும் என்று கண்டறியும் பரிசோதனைகளும் அதில் அடங்க வேண்டும்.

2. மற்றப் புற்றுநோய்களிலும் குறைந்த அளவு மருந்து போதுமா என்று கண்டறியும் ஆய்வுகளுக்கு மத்திய அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.

3. இம்மருந்துகளை நாடு முழுவதுக்குமாகச் சேர்த்து வாங்கி, மாவட்ட அரசு மருத்துவமனை, மாநகராட்சி மருத்துவமனை வரை கொண்டு செல்ல வேண்டும். விலை இறங்க மறுக்கும் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கத் தயங்கக் கூடாது.

4. தமிழ்நாடு அரசின் காப்பீட்டு அட்டை, தமிழ் உழைப்பாளி இருக்கும் இடமெல்லாம் செல்ல வேண்டும். மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், டில்லி அரசுகளோடு தமிழ்நாடு அரசு இதற்காக ஒப்பந்தம் செய்ய வேண்டும். இதே உரிமை தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களுக்கும் கிடைக்க வேண்டும். நமக்குக் கேட்பதை அவர்களுக்கு மறுப்பது நியாயமாகாது.

5. பெரும் புற்றுநோய் மருத்துவமனைகள் உள்ள நகரங்களில், வெளிமாநிலத்தார் தங்க இடமும் மொழி தெரிந்த உதவியாளரும் அரசுச் செலவில் ஏற்பாடாக வேண்டும். நடைபாதையில் பாய் விரித்துக் கிடந்துகொண்டு யாரும் சிகிச்சை பெறும் நிலை இருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. நம் கையில் உள்ளவற்றையும் பார்ப்போம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதக் கூலி 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. நம் உரிமை. அதில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. உயர் சிகிச்சைக்குச் சந்தாக் கட்டிய கால நிபந்தனை உண்டு. புற்றுநோய் கண்ட தொழிலாளிக்கு, இரண்டு ஆண்டு வேலை உள்ளிட்ட நிபந்தனைகளின் பேரில், கூலியில் நூற்றுக்கு 80 பங்கு வரை நீண்டகால உதவித்தொகையும் உண்டு. முதலாளி சந்தாவைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிறாரா என்று நோய் வருவதற்கு முன்பே பாருங்கள். வந்த பின் பார்த்தால் காலம் கடந்துவிடும்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள். வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, குறையாத இருமல் இவற்றில் எது இருந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுவிட்டால், பல புற்றுகளுக்கு இந்த விலையுயர்ந்த ஊசியே தேவைப்படாது.

டாக்டர் இம்யூனோதெரபி என்று சொன்னால், தாலியையும் ஊர் நிலத்தையும் அடகு வைக்க ஓடுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் வகைப் புற்றுக்கு இது எத்தனை பேருக்குப் பலித்திருக்கிறது? அதற்கான பரிசோதனை செய்தாயிற்றா? குறைந்த அளவில் கொடுக்க வழி உண்டா? அரசு அல்லது டாடா போன்ற பொது மருத்துவமனையில் இதற்கு ஆய்வு ஏதும் நடக்கிறதா? ஆய்வில் சேர்ந்தால் சோதனை எலி ஆகிவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம். சட்டப்படி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, ஒப்புதல் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. தமிழில் விளக்கம் வேண்டும் என்று துணிந்து கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் முழுக் கட்டணத் தள்ளுபடி உண்டு. உடன் செல்பவருக்கு அதே வகுப்புகளில் நூற்றுக்கு 75 தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று இருந்தால் போதும். இது தெரியாமல் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவர்கள் நம்மிடையே பலர்.

நம் சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் இரண்டு இளைஞர்களையும் இரண்டு பெண்களையும் இந்தப் பணிக்கென்றே நியமிக்க வேண்டும். மராத்தியும் இந்தியும் பேசத் தெரிந்தவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. மருத்துவமனை வரிசையில் மொழி தெரியாமல் விழிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் அரசியல் பணிதான். நமது ரத்ததான முகாமைப் போலவே, வாய்ப் பரிசோதனை முகாமும் ஆண்டுக்கு இருமுறை நடக்கட்டும். குட்கா விற்கும் கடை நம் ஆளுடையதாகவே இருந்தாலும் கண்டிக்கத் தயங்க வேண்டாம்.

தமிழ் மக்களுக்கு இதில் ஒரு மரபும் உண்டு. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நாட்டில் புற்றுநோய் மருத்துவமனைகள் அருகியிருந்த நாளில் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இந்த நோய்க்கு மருத்துவமனை கட்டுவது வீண் செலவு என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்ன காலம் அது. அந்த அம்மையாரின் பிடிவாதத்தால் பிழைத்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவருக்குப் பின் டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பணிக்கே கொடுத்து 2021-இல் மறைந்தார்.

அன்று மருந்தே இல்லாத நோயோடு அவர்கள் போராடினார்கள். இன்று மருந்து இருக்கிறது. அதை மலிவாகக் கொடுக்கும் வழி பரேலில் கிடைத்திருக்கிறது. விலையை இறக்கச் சட்டமும் இருக்கிறது. இல்லாதது அரசுகளின் மனம். அதை அசைக்க நம் மனுக்களும் கூட்டங்களும் வாக்குச் சீட்டும் இருக்கின்றன. அடுத்த மாதம் ஒவ்வொரு கிளையும் மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு, மகாராஷ்டிர முதலமைச்சர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும். அதற்கும் இதே மதிப்பு உண்டு.